ஐந்து இடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாஸ்மேனியப் பசுமைக் கட்சியும் நான்கு வழிகளும்

2025 ஆகஸ்டில் ஹோபார்ட் நகரில் டாஸ்மேனியச் சட்டமன்றம் கூடியபோது, பசுமைக் கட்சியின் ஐந்து உறுப்பினர்கள் முன் நின்ற கேள்வி அந்தக் கட்சிக்குப் பழகிய கேள்விதான். 35 பேர் கொண்ட கீழவையில் வலதுசாரி லிபரல் கட்சிக்கு 14 இடங்கள், இடதுசாரி லேபர் கட்சிக்கு 10, பசுமைக் கட்சிக்கு 5. மீதமிருந்த ஆறில் ஐந்து சுயேச்சைகளுக்கு, ஒன்று வேட்டையாளர், மீனவர், உழவர் கட்சிக்கு. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. இப்படி ஒரு நிலை ஆஸ்திரேலியாவின் இந்தத் தீவு மாநிலத்தில் 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் பசுமையாளர்கள் வேறு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்து மூலமான உடன்பாட்டுடன் வெளியிலிருந்து ஆதரவு, உடன்பாடே இல்லாத ஆதரவு, அமைச்சரவையில் இடம், எவரையும் சாராமல் நின்று விவகாரத்துக்கு விவகாரம் வாக்களிப்பது என்ற நான்கு வழிகளையும் ஒரே கட்சி, ஒரே மாநிலத்தில், ஒரே தேர்தல் முறையின் கீழ் சோதித்துப் பார்த்த வரலாறு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆகவே, அடுத்த முறை தராசு முள்ளாக நிற்க நேரும் சிறிய சுற்றுச்சூழல் கட்சி எதை எடுப்பது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க டாஸ்மேனியாவை விடப் பொருத்தமான களம் இல்லை என்பது என் எண்ணம்.

ஒப்பீட்டுக்கு முன், அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட கட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த தேர்தலில் வாக்கு எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, ஆதரவு தந்ததால் அழிந்தார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு காட்டையோ ஆற்றையோ காப்பதற்காகத் தொடங்கப்பட்ட கட்சிக்கு அந்த அளவுகோல் போதாது. ஆதரித்த அரசு போன பிறகு, அடுத்து வந்த எதிர்த்தரப்பு அரசு கலைக்க முயன்றும் கலைக்க முடியாமல் நின்றது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எந்த வழியில் எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெற்றார்கள் என்பது தெரிகிறது.

தேர்தல் கணக்கைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இந்த வரலாறு விளங்காது. கணக்குப் பிடிக்காதவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்தக் கட்சிக்கு விழுந்த மிகப் பெரிய அடி வாக்காளரிடமிருந்து வரவில்லை, கணக்கிலிருந்துதான் வந்தது. டாஸ்மேனியக் கீழவைத் தேர்தல் ஹேர்–கிளார்க் முறையில் நடக்கிறது. மாநிலம் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் பல உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படுத்துவார். செல்லுபடியாகும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி வருகிற எண்ணால் வகுத்து, அதனுடன் ஒன்று சேர்த்தால் கிடைப்பது வெற்றிக்கான ஒதுக்கீட்டு வாக்கு. ஒரு தொகுதியில் 60,000 செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு உறுப்பினர்கள் என்றால் 7,501 வாக்கு பெற்றவர் உள்ளே போய்விடலாம். ஐந்து உறுப்பினர்கள் என்றால் 10,001 வேண்டும். விழுக்காட்டில் சொன்னால் 12.5க்கும் 16.7க்கும் உள்ள இடைவெளி. பெரிய கட்சிகளுக்கு இது ஓர் உறுப்பினர் கூடவோ குறையவோ ஆகும் விஷயம். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே வாக்கு வாங்குகிற கட்சிக்கு இதுவே வாழ்வும் சாவும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாக்குச்சீட்டில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் பெயர் எல்லாச் சீட்டிலும் ஒரே வரிசையில் அச்சிடப்படுவதில்லை. சீட்டுக்குச் சீட்டு வரிசை மாறும். வாக்குப்பதிவு நாளன்று இப்படி வாக்களியுங்கள் என்று அட்டை விநியோகிக்கவும் அனுமதி இல்லை. எனவே கட்சிப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் போதும் என்ற நிலை அங்கே கிடையாது. ஊரறிந்த முகமாக இருந்தாக வேண்டும். பசுமைக் கட்சி போராட்டக் களங்களிலிருந்து வேட்பாளர்களை எடுத்ததற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை.

அந்தப் போராட்டக் களங்களின் தொடக்கம் பெடர் ஏரி. நீர்மின் திட்டத்துக்காக அந்த ஏரி மூழ்கடிக்கப்பட இருந்த 1972இல், மார்ச் மாதம் ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் ஐக்கிய டாஸ்மேனியக் குழு பிறந்தது. உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பலராலும் குறிப்பிடப்படுவது இதுதான். சில வாரங்களிலேயே வந்த மாநிலத் தேர்தலில் 3.9 விழுக்காடு வாக்கு பெற்றது. இடம் கிடைக்கவில்லை, ஏரியும் மூழ்கியது. குழு அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கரைந்துபோனாலும், அதில் இருந்தவர்களும் அதைப் பார்த்தவர்களும் அடுத்த அணைக்கு ஆயத்தமாக இருந்தார்கள்.

அடுத்தது பிராங்க்ளின் ஆறு. 1981 டிசம்பரில் அரசு நடத்திய பொதுவாக்கெடுப்பில், அணையை எங்கே கட்டலாம் என்று இரண்டு இடங்களை மட்டும் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அணை வேண்டாம் என்பதற்குச் சீட்டில் கட்டமே இல்லை. மக்கள் பென்சிலை எடுத்துச் சீட்டின் குறுக்கே 'அணைகள் வேண்டாம்' என்று எழுதிப் பெட்டியில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது ஓர் இடத்துக்கு 47 விழுக்காடு, மற்றதற்கு 8; செல்லாத வாக்கு 45 விழுக்காடு. செல்லாத வாக்கு என்று பதிவேட்டில் எழுதப்பட்ட அந்த 45 விழுக்காடுதான் பிற்காலப் பசுமைக் கட்சியின் முதல் வாக்கு வங்கி என்று சொல்வேன். ஆற்றை மறித்து நடந்த முற்றுகையில் கைதாகிச் சிறையில் இருந்த மருத்துவர் பாப் பிரவுன், 1983 ஜனவரியில் வெளியே வந்த சூட்டோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அதற்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை: பதவி விலகிய நார்ம் சாண்டர்ஸ் என்ற உறுப்பினருக்கு விழுந்த வாக்குச்சீட்டுகளை மறுபடி எண்ணி, அவற்றில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்க்கிற வழக்கம் அங்கே உண்டு. அணையைக் கடைசியில் நிறுத்தியது மாநிலச் சட்டமன்றம் அன்று. கூட்டாட்சி அரசு உலகப் பாரம்பரியப் பட்டியலைக் காரணம் காட்டிச் சட்டம் இயற்ற, 1983 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் திரும்பத் திரும்ப இதே இடத்துக்குத்தான் வரப்போகிறோம்.

முதல் வழி: கையெழுத்திட்டு வெளியே நிற்பது

1989 மே தேர்தலுக்கு முன், வெஸ்லி வேல் என்ற ஊரில் வரவிருந்த காகிதக்கூழ் ஆலைக்கு எதிராக கிறிஸ்டின் மில்ன் என்ற ஆசிரியை நடத்திய போராட்டம் வெற்றி பெற்றிருந்தது. தேர்தலில் பசுமைச் சுயேச்சைகள் 17.1 விழுக்காடு வாக்குடன் தொகுதிக்கு ஒருவராக ஐந்து இடங்களைப் பிடித்தார்கள். லிபரலுக்கு 17, லேபருக்கு 13. ஐந்தும் பதின்மூன்றும் சேர்ந்தால் பதினெட்டு. சரியாக ஒன்று அதிகம். அந்த ஒன்றின் மதிப்பு என்ன என்பதை எட்மண்ட் ரூஸ் என்ற செய்தித்தாள், தொலைக்காட்சி முதலாளி வெளிப்படையாகவே காட்டினார்: லேபர் உறுப்பினர் ஒருவர் கட்சி மாறி வாக்களிக்க 1,10,000 டாலர் கொடுக்க முயன்று பிடிபட்டுச் சிறைக்குப் போனார்.

மே இறுதியில் லேபர்–பசுமை உடன்பாடு கையெழுத்தானது. அமைச்சர் பதவி கேட்கப்படவில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் ஆதரவு. பதிலுக்குத் தேசியப் பூங்காக்கள், சட்டமன்றச் சீர்திருத்தங்கள், மரச்சில்லு ஏற்றுமதிக்கு உச்சவரம்பு என்ற பட்டியல். மைக்கேல் ஃபீல்ட் முதல்வரானார். அந்த ஆண்டே டாஸ்மேனிய வனப்பகுதி உலகப் பாரம்பரியப் பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்காக, சுமார் 14 லட்சம் ஹெக்டேராக விரிவாக்கப்பட்டது. ஒரு சிறு கட்சி ஒரு கையெழுத்தால் பெற்றது என்று பார்த்தால் இதற்கு இணையாகச் சொல்ல எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உடன்பாடு நீடிக்கவில்லை. மரச்சில்லு உச்சவரம்பை உயர்த்த லேபர் அரசு முடிவெடுத்தபோது, 1990இல் பசுமையாளர்கள் உடன்பாடு முடிந்தது என்று அறிவித்தார்கள். அரசு உடனே கவிழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கையெழுத்து இல்லாமல் போன பிறகும், மாற்று வேறு யார் என்ற கேள்வி இரண்டு தரப்பையும் ஓராண்டுக்கு மேல் கட்டிப்போட்டது. மாநிலம் கடனில் இருந்த காலம் அது. செலவுக் குறைப்பின் கசப்பு முழுவதும் லேபர் தலையில் விழ, உடன்பாட்டின் பழியும் சேர்ந்துகொண்டது. 1992 பிப்ரவரி தேர்தலில் லேபர் 28.9 விழுக்காட்டுக்குச் சரிந்தது. பசுமையாளர்கள் 13.2 விழுக்காட்டுக்கு இறங்கினாலும், ஐந்து இடங்களையும் தக்கவைத்துக்கொண்டார்கள். ஏழு உறுப்பினர் தொகுதிகளின் கருணை அது.

இந்த வழியின் உண்மையான செலவு அந்த நான்கு விழுக்காடு அன்று. கூட்டாளிக்கு விழுந்த அடியே பெரிய செலவு. பசுமைக் கட்சியோடு கையெழுத்திட்டால் தேர்தலில் நாம் அழிவோம் என்ற பாடத்தை லேபர் கட்சி அன்று கற்றுக்கொண்டது. அதை இன்று வரை மறக்கவில்லை. பேரத்தில் நாம் நிறையப் பெற்றுவிட்டோம் என்று மகிழ்கிற சிறு கட்சி, அடுத்த முறை பேரத்துக்கு ஆளே வராத நிலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இரண்டாவது வழி: கையெழுத்தே இல்லாமல் முட்டுக்கொடுப்பது

1996 தேர்தலில் லிபரலுக்கு 16, லேபருக்கு 14, பசுமைக் கட்சிக்கு 11.1 விழுக்காடு வாக்குடன் 4, ஒரு சுயேச்சை. பெரும்பான்மை இல்லாமல் ஆளமாட்டேன் என்று சொல்லியிருந்த முதல்வர் ரே குரூம் விலகிக்கொள்ள, டோனி ரண்டில் முதல்வரானார். இம்முறை ஆதரிக்கப்பட்டது லிபரல் கட்சி. எழுதப்பட்ட உடன்பாடு எதுவும் இல்லை. கொள்கையளவில் எதிரெதிரானவர்கள் ஒரு தாளும் இல்லாமல் இரண்டரை ஆண்டு ஓட்டினார்கள் என்பது இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தக் காலத்தின் சாதனைகள் காட்டைவிட மனிதர்களைப் பற்றியவை. போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரல் 28 அன்று 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாடு மூன்று கட்சிகளின் ஒத்துழைப்புடன் நிறைவேறியது. ஆண்களின் தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1994இலேயே கண்டித்திருந்தும் விடாப்பிடியாக வைத்திருந்த கடைசி ஆஸ்திரேலிய மாநிலம் டாஸ்மேனியாதான். மில்ன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியாக 1997இல் அது நீங்கியது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளின் தலைமுறையிடம் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டதும் அதே ஆண்டில்தான். பெரும்பான்மை அரசு எதுவும் தன் கட்சிக்குள் இருக்கும் பழமைவாதிகளுக்கு அஞ்சித் தொடத் தயங்குகிற விஷயங்கள் இவை. கட்சிக் கொறடாவின் பிடி தளர்ந்த அவையில் ஒவ்வொரு மசோதாவும் தனித்தனியாக வாக்குத் தேட வேண்டியிருக்கும்போது, இத்தகைய சட்டங்களுக்கு வழி திறக்கிறது. கையெழுத்தில்லாத ஆதரவின் பலம் இதுதான். அதன் வரம்பும் இதுவே. இந்த இரண்டரை ஆண்டில் காட்டுப் பரப்பில் 1989 போன்ற ஒன்று நடக்கவில்லை.

முடிவு மோசமானது. 1998இல் லிபரலும் லேபரும் சேர்ந்து கீழவையை 35இலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். அரசியல்வாதிகளின் எண்ணிக்கையையும் செலவையும் குறைக்கிறோம் என்று சொன்னால் எந்த நாட்டிலும் கைதட்டல் கிடைக்கும். ஒதுக்கீட்டு வாக்கு 12.5இலிருந்து 16.7 விழுக்காட்டுக்கு ஏறியது. ஆகஸ்ட் தேர்தலில் பசுமைக் கட்சியின் வாக்கு 11.1இலிருந்து 10.2ஆக மட்டுமே குறைந்தது. இடமோ நான்கிலிருந்து ஒன்றானது. மில்ன் தோற்றார், பெக் புட் மட்டும் ஹோபார்ட் நகரைக் கொண்ட டெனிசன் தொகுதியில் தப்பினார். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு இழப்புக்கு முக்கால் பங்கு இடங்களை இழந்த இந்த நிகழ்ச்சியை, ஆதரவு தந்ததற்கான வாக்காளர் தண்டனை என்று எழுதுவது பிழை. எழுத்து மூலமான உடன்பாடு ஒன்று இருந்து, அதில் 'அவையின் அளவையும் தேர்தல் விதிகளையும் இந்தக் காலத்தில் மாற்றுவதில்லை' என்ற ஒற்றை வரி இருந்திருந்தால்கூட இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்துவிட்டால் அதை மீறத்தான் முடிந்திருக்கும். ஆனால் சத்தமில்லாமல் மீற முடிந்திராது.

இடையில் ஒரு பாடம்

அந்த ஒற்றை இடத்திலிருந்து 2002இல் 18.1 விழுக்காடும் நான்கு இடங்களும், 2006இல் 16.6 விழுக்காடும் நான்கு இடங்களும், 2010இல் 21.6 விழுக்காடும் ஐந்து இடங்களும் என்று கட்சி வளர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எவருக்கும் முட்டுக்கொடுக்காமல், லேபரின் பெரும்பான்மை அரசுகளை எதிர்த்துக்கொண்டே இருந்த காலம் இது. மிகப் பழமையான இயற்கைக் காடுகளை வெட்டுவதும், டாமர் பள்ளத்தாக்கில் கன்ஸ் நிறுவனம் கட்ட விரும்பிய காகிதக்கூழ் ஆலையும் கட்சிக்குத் தீனி போட்டன. இதைக் காட்டி, எதிர்க்கட்சியாக இருந்தால்தான் வளர முடியும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எண்கள் அவர்கள் பக்கம் இருந்தாலும், 2002இல் லிபரல் கட்சி ஏழு இடங்களுக்குச் சுருங்கிக் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய எதிர்க்கட்சி படுத்துவிட்ட மன்றத்தில் சிறிய எதிர்க்கட்சியின் குரல் இயல்பாகவே உரக்கக் கேட்கும். வளர்ந்ததெல்லாம் எதற்காக என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பான்மை அரசின் எதிரே எவ்வளவு பேர் உட்கார்ந்தாலும் மசோதா நிறைவேறப்போவதில்லை.

மூன்றாவது வழி: அமைச்சரவைக்குள் போவது

2010 மார்ச் தேர்தலில் லிபரல் 10, லேபர் 10, பசுமைக் கட்சி 5. இரு பெரிய கட்சிகளும் பசுமைக் கட்சியுடன் பேரமே பேசமாட்டோம் என்று பிரசாரம் செய்திருந்தன. அதிக வாக்கு பெற்ற லிபரலுக்கு வழிவிடுவதாகச் சொல்லியிருந்த லேபர் முதல்வர் டேவிட் பார்ட்லெட்டையே ஆளுநர் மீண்டும் அழைத்தார். சில வாரங்களில் பசுமைக் கட்சித் தலைவர் நிக் மெக்கிம் அமைச்சரானார். கேசி ஓ'கானர் அமைச்சரவைச் செயலராகத் தொடங்கி அதே ஆண்டில் அமைச்சரானார். ஆஸ்திரேலியாவில் பசுமைக் கட்சியினர் அமைச்சர்களானது இதுவே முதல் முறை.

அமைச்சர் பதவியின் விலை என்ன என்பதற்கு ஒரு காட்சி போதும். 2011இல் நிதி நெருக்கடியில் மாநிலம் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. கல்வி அமைச்சராக இருந்த மெக்கிம், 20 அரசுப் பள்ளிகளை மூடும் பட்டியலை வெளியிட்டார். ஆற்றுக்கும் மரத்துக்கும் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்ட கட்சியின் தலைவர் இப்போது அதே ஊர்களின் பெற்றோர் போடுகிற கூட்டங்களில் பதில் சொல்ல வேண்டியவரானார். பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து ஆதரிக்கும் கட்சி நிதிக்கு வாக்களிக்கும், ஆனால் எந்தப் பள்ளி என்று பட்டியல் போடாது. உள்ளே போனால் பட்டியல் போட வேண்டும்.

காட்டைப் பொறுத்தவரை, மரத் தொழில் நிறுவனங்களும் தொழிற்சங்கமும் சூழல் அமைப்புகளும் பல ஆண்டுகள் பேசி எட்டிய சமரசம் 2013இல் டாஸ்மேனிய வன உடன்படிக்கைச் சட்டமாக வந்தது. மேலவை அதைத் திருத்தித்தான் அனுப்பியது; பசுமைக் கட்சியின் ஐவரில் ஒருவரான கிம் பூத் அதை எதிர்த்து வாக்களித்தார். மேலவை பற்றி இங்கே ஒரு வார்த்தை: 15 பேர் கொண்ட அந்த அவையில் நெடுங்காலம் சுயேச்சைகளே ஆதிக்கம் செலுத்தினார்கள், கீழவையில் என்ன பேரம் நடந்தாலும் அது அங்கே கரைசேர வேண்டும். அதே ஆண்டு ஜூனில் உலகப் பாரம்பரியப் பரப்பு ஏறத்தாழ 1,70,000 ஹெக்டேர் மேலும் விரிந்தது.

2014 ஜனவரியில், தேர்தல் தேதியை அறிவித்தபோதே, அப்போதைய முதல்வர் லாரா கிடிங்ஸ் இரண்டு பசுமை அமைச்சர்களையும் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். குழம்பு கொதிக்கும் வரை வேண்டியிருந்த கறிவேப்பிலை இலையில் விழுந்ததும் ஒதுக்கப்பட்டது. அந்த நீக்கம் லேபரையும் காப்பாற்றவில்லை, 27.3 விழுக்காட்டுடன் ஏழு இடங்களுக்குச் சுருங்கியது. பசுமைக் கட்சி 21.6இலிருந்து 13.8க்கு விழுந்து மூன்று இடங்களோடு நின்றது; 2018இல் அதுவும் 10.3 விழுக்காடு, இரண்டு இடம் என்று தேய்ந்தது. மூன்று வழிகளிலும் மிகப் பெரிய வாக்கு இழப்பு இதில்தான்.

இனி அந்தக் காட்டுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். வெற்றி பெற்ற லிபரல் அரசு வன உடன்படிக்கைச் சட்டத்தை அதே 2014இல் ரத்து செய்தது. கூட்டாட்சித் தலைநகர் கான்பெராவில் இருந்த டோனி அபட் அரசு, 2013இல் சேர்த்த பரப்பில் 74,000 ஹெக்டேரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டது. தோஹாவில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, சில நிமிடங்களில் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நான்கு ஆண்டு அமைச்சரவை வாழ்க்கையில் உழைத்து உண்டாக்கிய மாநிலச் சட்டம் இரண்டு ஆண்டுகூட நிலைக்காமல் மறைந்தது; பட்டியலில் ஏறிய பரப்பு நின்றது. 1983இல் ஆற்றைக் காத்ததும் அந்தப் பட்டியல்தான்; 1989இன் விரிவாக்கம் இன்றும் நிற்பதும் அதனால்தான். ஹோபார்ட்டில் பெரும்பான்மை மாறினால் அழிக்க முடிகிற இடத்தில் எழுதியதெல்லாம் அழிந்திருக்கிறது. அந்த அவையின் கை எட்டாத இடத்தில் எழுதியது நின்றிருக்கிறது. அப்படி எழுத வைப்பதற்கு அமைச்சர் நாற்காலி தேவைப்பட்டதா என்றால், 1989இன் விடை இல்லை என்பதே.

நான்காவது வழி: எவரோடும் சேராமல் நிற்பது

2024 தேர்தலில் அவை மறுபடி 35 உறுப்பினர் கொண்டதாக ஆனது; பசுமைக் கட்சி 13.9 விழுக்காட்டுடன் ஐந்து இடங்களைப் பெற்றது. 2002இல் 18.1 விழுக்காட்டுக்கு 25இல் நான்கு இடம் கிடைத்ததை நினைவுபடுத்திக்கொண்டால் 1998இன் வெட்டு எவ்வளவு ஆழமானது என்பது புரியும். லிபரலின் ஜெரமி ராக்லிஃப் வேறு சிறு கட்சி, சுயேச்சைகளின் துணையுடன் ஆட்சி அமைத்தார். 2025 ஜூன் 5 அன்று லேபர் தலைவர் டீன் வின்டர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், அவைத் தலைவரின் தீர்மான வாக்குடன் 18க்கு 17 என்று நிறைவேறியது. பசுமைக் கட்சி ஆதரித்தது. ஜூலைத் தேர்தலில் லிபரல், லேபர், பசுமை மூன்றுக்கும் இடங்கள் அப்படியே திரும்பின. ஆகஸ்டில் வின்டர் மறுபடியும் தீர்மானம் கொண்டுவந்தார். இம்முறை ரோசலி வுட்ரஃப் தலைமையிலான ஐவரும் அதை ஆதரிக்கவில்லை. தீர்மானம் 24க்கு 10 என்று தோற்றது. ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய விளையாட்டரங்கு, இயற்கைக் காடு வெட்டுதல், சால்மன் மீன் பண்ணைகள் ஆகியவற்றில் லேபர் இறங்கி வரவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த நாட்களிலேயே ராக்லிஃப், வேட்டைநாய்ப் பந்தயத்துக்கான அரசு நிதியை 2029க்குள் நிறுத்துவதாக அறிவித்தார். எவரும் எதிலும் கையெழுத்திடாமல், இரு பெரிய கட்சிகளையும் சேராத குறுக்கிருக்கை உறுப்பினர்களின் நெடுநாள் கோரிக்கை ஒன்று வந்து சேர்ந்தது.

இந்த வழியில் பழி குறைவு. கிடைப்பதும் சில்லறையாகத்தான் கிடைக்கிறது. நாய்ப் பந்தயத்தை விட்டுக்கொடுப்பது லிபரலுக்கு எளிது. காட்டை விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஜூனில் ஓர் அரசைக் கவிழ்த்து ஆகஸ்டில் அதே அரசு தொடர வழிவிட்டது ஏன் என்று வாசலில் கேட்கிற வாக்காளருக்குச் சொல்ல நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது என்ற தொல்லையும் உண்டு.

என் தேர்வு

நான்கையும் அருகருகே வைத்தால், அமைச்சரவை வழியை முதலில் ஒதுக்குவேன். ஐந்து பேர் உள்ள கட்சி இரண்டு பேரை அமைச்சராக்கினால், கேள்வி கேட்க மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள் என்ற எளிய கணக்கே அதற்குப் போதுமான காரணம். அரசின் எல்லா முடிவுகளுக்கும் பொறுப்பு, ஆனால் எந்த முடிவிலும் பெரும்பான்மை இல்லை. கையெழுத்தில்லாத ஆதரவு, உரிமைச் சட்டங்கள் காத்திருக்கும் காலத்தில் நல்ல வழி. 1996இல் அவை காத்திருந்தன. தனித்து நிற்பது, கூட்டாளி எவரும் முன்வராதபோது எஞ்சுகிற வழி. 2025இல் அதைத் தவிர வேறு கதவு திறந்திருக்கவில்லை என்பதால் வுட்ரஃப்பின் முடிவில் குற்றம் காண்பதற்கில்லை.

கதவு திறந்திருந்தால் கையெழுத்திட்டு வெளியே நிற்பதே என் தேர்வு. ஆனால் 1989இன் தாளை அப்படியே எடுத்து எழுதக்கூடாது. அந்த உடன்பாட்டில் மரச்சில்லு உச்சவரம்பு போல அரசு எப்போது வேண்டுமானாலும் தளர்த்தக்கூடிய வாக்குறுதிகளும், பாரம்பரியப் பரப்பு போலத் திரும்பப் பெற முடியாதவையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. முன்னவை முறிந்து உடன்பாட்டையே முறித்தன. பின்னவை முதலாண்டிலேயே முடிந்துவிட்டதால் தப்பின. எனவே வரிசை முக்கியம்: எல்லைக்கோடு, பட்டியல், கூட்டாட்சிச் சட்டம் ஆகியவை முதல் ஆறு மாதத்துக்குள், ஆண்டுதோறும் மறுபேச்சுக்கு உட்பட்ட அளவுகள் தனி இணைப்பில், அவை முறிந்தாலும் நம்பிக்கை வாக்கு முறியாதபடி. காலக்கெடுவும் இரண்டு ஆண்டு போதும். லேபரின் அச்சத்துக்கு மருந்து இருக்கிறது என்றால் அதுவும் இந்தக் காலக்கெடுதான்: தேர்தலுக்கு வெகு முன்பே உடன்பாடு முடிந்துவிட்டது என்று இரு தரப்பும் முறைப்படி அறிவித்துப் பிரிந்தால், 2014 ஜனவரியில் கிடிங்ஸ் அவசரமாகச் செய்ததை எவரும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்காது.

இதற்கு லேபர் இணங்குமா என்பது தனிக் கேள்வி. ஆகஸ்டுத் தோல்விக்குப் பிறகு அந்தக் கட்சி வின்டரை மாற்றி ஜோஷ் வில்லியைத் தலைவராக்கியிருக்கிறது. பத்து இடங்களை வைத்துக்கொண்டு பசுமைக் கட்சியின் ஐந்தைத் தொடாமல் 18ஐ எட்ட வேண்டுமானால், மீதமுள்ள ஆறு பேரையும் சேர்த்தாலும் பதினாறுதான் வருகிறது.